கடல் தெரியாத அறை

உல்லாச விடுதியொன்றில் முற்பதிவு செய்யும் ஒருவர் உண்மையில் எந்த அறையையும் பதிவு செய்வதில்லை. அவர் விலை கொடுத்துப் பெறுவது ஓர் அறைவகையை மட்டுமே. கடல் நோக்கிய அறை, தோட்டம் நோக்கிய அறை, நீச்சல் தடாகத்தை அடுத்த அறை என விலைப்பட்டியல் வகுத்துள்ள இனங்களுள் ஒன்றுக்கு அவர் உரித்துடையவராகின்றார். அவ்வினத்துள் எந்த எண்ணுடைய கதவு அவருக்குத் திறக்கப்படும் என்பது பெரும்பாலும் அவர் வந்து சேரும் நாளின் காலையிலோ அதற்கு முதல்நாள் இரவிலோதான் முடிவாகும். மேல்மாடியில் வேண்டும், மூலையில் வேண்டும், படிக்கட்டுக்கு அருகே வேண்டாம் என்று அவர் எழுதியனுப்புவன யாவும் வேண்டுகோள் என்ற பெயரிலேயே ஏற்கப்படுகின்றன. வாக்குறுதி என்ற பெயரில் அல்ல. 'இயன்றவரை கவனிக்கப்படும்' என்ற ஒற்றை வசனம் பதிலாகச் செல்லும். அவ்வசனம் பொய்யன்று. ஆயினும், யாருக்காக இயலும், யாருக்காக இயலாது என்பதை அது கூறுவதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடாக் கரையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1966ஆம் ஆண்டில் உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து இலங்கையின் கரையோரங்கள் ஹோட்டல்களின் பார்வைக்கு உட்பட்ட காலத்தில், 1970களில், பாசிக்குடாவும் கல்குடாவும் வெளிநாட்டவரைக் கவர்ந்த இடங்களாயின. யுத்தம் அவ்விடுதிகளை மூடவைத்தது. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த கடற்கோள் எஞ்சிய சுவர்களையும் சிதைத்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின், 2011 முதல், அதே பிறைவடிவக் குடாவைச் சுற்றிப் புதிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. ஆழங்குறைந்த அக்கடலில் நெடுந்தொலைவு நடந்தே செல்லலாம். குழந்தைகளுடன் வருவோர் அதனைப் பெரிதும் விரும்புவர். கிழக்கு நோக்கிய கரையாதலால் கடல்முக அறைகளின் யன்னலிலேயே சூரியன் உதிக்கும். அவ்வறைகளுக்கே விலையும் அதிகம்.

இவ்விடுதிகளுள் ஒன்றின் வரவேற்பு மேசையில் இளைஞனொருவன் பணிபுரிந்தான். அயலிலுள்ள மீனவக் கிராமமொன்றைச் சேர்ந்தவன், கலைப்பட்டதாரி. அரச நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தை அங்கே கழித்தான். பல்கலைக்கழகத்தில் அவன் புவியியல் பயின்றிருந்தான். அக்கல்வி தனக்கு உதவிய ஒரே இடம் அறைகளை ஒதுக்கும் வேலைதான் என்று அவன் நண்பர்களிடம் கூறிச் சிரிப்பதுண்டு. அதில் உண்மையில்லாமலும் இல்லை. எந்த அறையின் கூரையில் காலையில் காகங்கள் கூடும், எந்த அறைக்கு மின்பிறப்பாக்கியின் இரைச்சல் எட்டும், காற்று திரும்பினால் சமையற்கட்டின் வெங்காய மணம் எந்த யன்னலில் நுழையும் என்பன விலைப்பட்டியலில் இல்லாத புவியியல். அதனை அவன் நன்கறிந்திருந்தான்.

இரவுப் பணியின்போது மறுநாள் வருவோரின் பட்டியல் அவன்முன் இருக்கும். முதலில் இடம்பெறுவோர் குழுப் பயணிகள். பயண முகவர் அனுப்பிய பெயர் நிரலின்படி அவர்களை அருகருகே வைத்தல் வேண்டும். வழிகாட்டி காலையில் எல்லோரையும் ஒருங்கே எழுப்பிக் கூட்டிச்செல்ல வேண்டியவர். அடுத்து நீண்டநாள் தங்குவோர். அவர்களை முதலில் அமர்த்திவிட்டால், ஓரிரவு மட்டும் தங்குவோரை இடைவெளிகளில் நிரப்பிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் வந்து அதே எண்ணுடைய அறையையே கேட்போர் பின்னர். குளிரூட்டி ஒழுகும் அறை, கதவுப்பூட்டு இறுகிய அறை ஆகியன கணக்கிலிருந்து நீக்கப்படும். இவ்வளவும் முடிந்தபின் எஞ்சும் கதவுகளைக் கொண்டே ஏனையோரின் வேண்டுகோள்கள் நிறைவேற்றப்படல் வேண்டும். புறப்பட வேண்டியவர் மேலும் ஒருநாள் தங்க விரும்பினால் அதுவும் குலைந்துபோகும். நண்பகலில் ஒருவர் வெளியேறி, இரண்டு மணிக்கு மற்றொருவர் நுழையும் அறையைத் துப்புரவு செய்யும் பெண்களிடம் கேட்டாற்றான், இரண்டு மணித்தியாலம் எவ்வளவு குறுகியது என்பது தெரியும்.

வேண்டுகோள்களை வாசிப்பது தனியொரு கலை. 'அமைதியான அறை' என்று எழுதுவோர் யாவரும் ஒரே பொருளைக் கருதுவதில்லை. தேனிலவுக்கு வந்தோர் கருதுவது அயலார் பார்வை படாத அறை. கைக்குழந்தையுள்ள தாய் கருதுவது கதவுகள் அறையப்படாத நடைபாதை. நகரத்தவர் சிலருக்கோ தவளைச் சத்தமும் அமைதியைக் கெடுப்பதே. 'உணவு மண்டபத்துக்கு அருகே' என்பதன்பின் பெரும்பாலும் முழங்கால் நோவுள்ள முதியவர் ஒருவர் இருப்பார். ஆயின் அதனை எழுதமாட்டார்கள். நோயைச் சொல்லிச் சலுகை கேட்க மனிதருக்குள்ள கூச்சம் பெரிது. எனவே காரணத்தை விட்டு இடத்தை மட்டும் கேட்கின்றனர். விடுதியோ காரணம் இல்லாத இடத்தை வெறும் விருப்பமாகவே எண்ணிக்கொள்கின்றது.

உள்நாட்டவர் நிலை வேறு. அவர்களுக்குக் குறைந்த கட்டணம் விதிக்கும் வழக்கம் உண்டு, அது நல்லதே. ஆனால் அவ்விடுதியில் குறைந்த கட்டணத்தாருக்கு மின்பிறப்பாக்கிக்கு அருகிலுள்ள வரிசையே முதலில் நினைவுக்கு வரும். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. எழுதப்படாமையாலேயே அதனை எவரும் கேள்விக்குட்படுத்துவதில்லை.

அறையின் இடம்பற்றிய இப்பூசல் புதியதன்று. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். போஸ்ரர் 1908இல் வெளியிட்ட நாவலொன்று இதனைக் கொண்டே தொடங்குகின்றது. காட்சியுள்ள அறை என்பதே அதன் பெயரும் ஆகும். புளோரன்ஸ் நகர விடுதியொன்றில், ஆற்றை நோக்கிய அறைகள் தரப்படும் என நம்பி வந்த இரு பெண்களுக்கு முற்றத்தை நோக்கிய அறைகளே கிடைக்கின்றன. அதனைத் தீர்த்துவைப்பவர் விடுதியை நடத்துபவர் அல்லர். உணவுமேசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தம் அறையையும் தம் மகனின் அறையையும் மாற்றித்தர முன்வருகின்றார். முன்பின் அறியாதவரிடம் கடன்படுவதா என்ற தயக்கம் தீர்வதற்குப் பாதிரியார் ஒருவர் இடையிட வேண்டியிருக்கின்றது. அறை மாற்றம் என்ற சிறு செய்கையில் வர்க்கமும் நாகரிகமும் எவ்வாறு முட்டிக்கொள்கின்றன என்பதைப் போஸ்ரர் நுணுக்கமாகக் காட்டியுள்ளார். கண்டலமவில் 1994இல் திறக்கப்பட்ட ஹோட்டலுக்காகக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வேறொரு வழி கண்டார்: மலைப்பாறையை ஒட்டிக் கட்டடத்தை நீளமாக ஓடவிட்டு அறைகளைக் குளத்தை நோக்கித் திருப்பினார். அத்தகைய நீண்ட கட்டடத்திலும் வேண்டுகோள் ஒழிவதில்லை. காட்சிக்கு மாறாக நடைதூரம் வேண்டுகோளாகின்றது. ஆனால் நாவலாசிரியரும் கட்டடக்கலைஞரும் ஒருபோலக் கொண்ட எண்ணம் ஒன்று உண்டு. காட்சி எல்லோருக்கும் வேண்டியதே என்பது அது.

ஓகஸ்ட் மாதமொன்றில், கிழக்குக் கரையின் பருவம் உச்சத்திலிருந்த வேளை, கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், இரு பிள்ளைகள், மகனின் தாயார். தோட்டம் நோக்கிய இரு அறைகளை அவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்திருந்தனர். தாயாரின் அறையிலிருந்து கடல் தெரியக்கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தனர்.

தோட்டம் நோக்கிய அறைகள் விலை குறைந்தவை. எனவே விரைவில் விற்கப்படுபவை. சிலர் வராமல் விடுவர் என்ற கணக்கில் இருப்பதிலும் கூடுதலாக அவற்றை விற்பது விடுதிகளிடையே காணப்படும் வழக்கம். எல்லோரும் வந்துவிட்டால், மிகுந்தவர்களுக்கு மேல்வகுப்பு அறையை மேலதிகக் கட்டணமின்றி வழங்குவர். பற்றாக்குறை இவ்வாறு அன்பளிப்பாகத் தோற்றம் பெறும். அன்று யாரை மேலே உயர்த்துவது என முகாமையாளர் பட்டியலைப் பார்த்தார். கனடாக் குடும்பத்தின் பெயருக்கெதிரே வேண்டுகோள் இருப்பதற்கான அடையாளம் இருந்தது. விரைந்து பார்த்த அவர் கண்ணிற் பட்டது 'கடல்' என்ற சொல் மட்டுமே. மகிழ்ச்சியடையக்கூடியவர்களுக்கே கொடுப்போம் என்று எண்ணி, கதவைத் திறந்தால் மணலில் கால் வைக்கக்கூடிய இரு அறைகளை அவர்களுக்கு ஒதுக்கினார். கொடுமனம் படைத்தவரல்லர் அவர். அவ்விடத்தில் ஆயிரம் பேருள் ஒருவரைத் தவிர ஏனையோர் மகிழ்ந்தே இருப்பர்.

பொதிகளைக் கொண்டுசென்ற ஊழியர் தமக்குப் பயிற்றுவிக்கப்பட்டவாறே செய்தார். கதவைத் திறந்ததும் நேரே சென்று யன்னற் சீலையை இரு பக்கமும் இழுத்து விலக்கினார். பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். தாயார் வாசற்படியைத் தாண்டவில்லை. தனியே வரவேற்பு மண்டபத்துக்குத் திரும்பி, சுவரை நோக்கியிருந்த கதிரையில் அமர்ந்தார். அன்று பகற்பணியிலிருந்த அவ்விளைஞன் அருகே சென்றான்.

"மனே, கடல் தெரியாத அறையொண்டு தாங்க எண்டுதானே எழுதியிருந்தம்?"

"ஓம் அம்மா. எழுதியிருக்கிறீங்க. பிழை எங்கடதான்."

அவர் அவனுடைய ஊரைக் கேட்டார். அவன் கூறினான். அதன்பின் அவரும் விளக்கவில்லை, அவனும் வினவவில்லை. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்ட அக்காலைப்பொழுதைப் பற்றி, அந்தக் கரையைச் சேர்ந்த இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியது எதுவும் இருக்கவில்லை. பேரப்பிள்ளைகள் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் வந்திருந்தார் என்பதை மகன் பின்னர் கூறினார்.

சீலையை மூடிக்கொள்ளலாமே என்றார் முகாமையாளர். இரு மடங்கு விலையுள்ள அறையை இலவசமாகப் பெற்றவர் குறைகூறுவது அவருக்கு விளங்கவில்லை. அவர் விளங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் அவ்விடுதியின் அறைகள் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கவில்லை என்பதே சரியாகும். அங்கே அறைகள் ஓர் ஏணியிலே நிற்கின்றன; கீழ்ப்படியில் தோட்டம், மேற்படியில் கடல். மேலே செல்ல விரும்புவோரின் குரல் அந்த ஏணிக்குக் கேட்கும். கீழ்ப்படியிலேயே நிற்க விரும்புபவரின் வேண்டுகோள் வேண்டுகோளாகவே பதிவாவதில்லை. பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தும் அது வாசிக்கப்படாமற் போனமைக்கு அவசரம் மட்டும் காரணமன்று.

இளைஞன் குழுப்பயணிகளின் வழிகாட்டியிடம் சென்றான். தோட்டப்பக்க அறைகளிலிருந்த ஐரோப்பியத் தம்பதியர் இரு சோடியினர், உடைகளை அலுமாரியில் அடுக்கி முடித்திருந்தும், மாறுவதற்கு மனமுவந்து இசைந்தனர். கடல்முக அறை கிடைப்பதாயின் யார்தான் மறுப்பர்? நான்கு அறைகளை மீண்டும் துப்புரவாக்க வேண்டியிருந்தது. அப்பெண்களின் வேலைநேரம் முடியும் தறுவாய். காரணத்தைக் கேட்டதும் அவர்களுள் மூத்தவர் ஒன்றும் பேசாது தாயாருக்கான அறையையே முதலில் எடுத்துக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குத் திறப்புக் கைமாறியது.

அத்துடன் அது முடியவில்லை. இரவு உணவின்போது குழுவின் ஏனையோர், தம்முள் இருவருக்கு மட்டும் ஏன் கடல்முக அறை என்று வழிகாட்டியிடம் கேட்டனர். வழிகாட்டி முகவரிடம் முறையிட்டார்; முகவர் முகாமையாளரிடம். அனுமதியின்றி மேல்வகுப்பு அறைகளைக் குழுப்பயணிகளுக்கு வழங்கியது ஏன் என்று எழுத்தில் விளக்கம் தருமாறு இளைஞனிடம் கோரப்பட்டது. அக்கேள்வியும் நியாயமற்றதென்று கூறமுடியாது. சமமாகப் பணம் செலுத்தியோர் சமமாக நடத்தப்படுதல் வேண்டுமென எதிர்பார்ப்பது இயல்பே. அவன் மூன்று வரிகளில் விளக்கம் எழுதினான். அடுத்த மாதச் சேவைக் கட்டணப் பங்கில் அவனுக்குரியது குறைக்கப்பட்டது.

அக்குடும்பத்தின் விருப்பத்தை, மீண்டும் வரின் உதவுமென்று, கணினியில் பதிய அவன் முயன்றான். விருப்பங்களுக்கான நிரலில் கடல் நோக்கியது, தடாகம் நோக்கியது, மேல்மாடி, கீழ்த்தளம், படிக்கட்டிலிருந்து தொலைவு என்பன இருந்தன. தோட்டம் நோக்கியது என்பதைத் தெரிவு செய்தால் போதாது என்பது அவனுக்குத் தெரியும். தோட்டப்பக்க மேல்மாடி அறைகள் சிலவற்றில், பலகணியின் இடது மூலையில் நின்றால், தென்னைகளுக்கிடையே ஒரு கீற்றுக் கடல் தெரியும். விடுமுறை நாளொன்றில் அவன் அறைப் பராமரிப்பாளரிடம் திறப்புகளை வாங்கி, தோட்டப்பக்க அறை ஒவ்வொன்றிலும் கட்டிலிலிருந்தும் யன்னலிலிருந்தும் பலகணியிலிருந்தும் பார்த்தான். எங்கு நின்றாலும் கடல் தெரியாத அறைகள் ஏழு இருந்தன. அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி, வரவேற்பு மேசைக் கண்ணாடியின் கீழ், தொலைபேசி இலக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்தான். தாளின் தலைப்பில் எதுவும் எழுதவில்லை. அவனுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்து அவன் விலகிய பின்னரும் அது அங்கேயே இருந்தது. அடுத்த பருவத்தில் இரு தடவை அத்தாளைப் பார்த்து அறைகள் ஒதுக்கப்பட்டன.