விண்நிலையம் வரும் வேளை

மாலை விளக்கேற்றும் நேரத்தில், மேற்கு வானில் விண்மீன் போன்ற ஒளி ஒன்று ஓசையின்றி எழுந்து, சில நிமிடங்களில் வானைக் கடந்து மறைவதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். அது விண்மீன் அன்று. மனிதர் வாழும் வீடு. பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பது அதன் பெயர். 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதன் முதற்பகுதி ஏவப்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் முதல் ஒரு நாளேனும் அது ஆளின்றி இருந்ததில்லை.

அதனைக் காணத் தொலைநோக்கி வேண்டா. அது வரும் நேரத்தை அறிந்தால் போதும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் விரைவில் செல்லும் அந்நிலையம், ஏறத்தாழ 93 நிமிடங்களில் உலகை ஒருமுறை வலம் வந்துவிடுகின்றது. நாள்தோறும் பதினைந்து முறைக்கு மேல் சுற்றும் பொருளை நினைத்தபோதெல்லாம் காணலாமே என்று நீங்கள் கேட்கலாம். அஃது இயலாது. அது ஒரு சுற்றை முடிப்பதற்குள் நிலவுலகம் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 23 பாகை உருண்டுவிடுகின்றது. ஆதலின் அதன் பாதை ஒவ்வொரு சுற்றிலும் மேற்கே விலகிச் செல்கின்றது. நம் ஊர்ப்பக்கம் வரும் சுற்றுகள் சிலவே.

அவற்றிலும் பல கண்ணுக்குப் புலப்படா. கதிரவன் ஒளி நிலையத்தின்மீது பட்டுத் திரும்புவதையே நாம் காண்கிறோம். பகலில் வந்தால் வானத்தின் வெளிச்சம் அதனை மறைத்துவிடும். நள்ளிரவில் வந்தால் அது நிலவுலகின் நிழலுக்குள் இருக்கும். நம் தெருவில் இருள் சூழ, அவ்வளவு உயரத்தில் மட்டும் வெயில் காயும் வேளை வேண்டும். கதிரவன் மறைந்தபின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், விடியுமுன் அவ்வளவு நேரமுமே அத்தகைய வேளை.

இக்கணக்கை நாமே போட வேண்டுவதில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, ஒவ்வோர் ஊருக்கும் உரிய நேரங்களை 2012ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியாக அறிவித்து வருகின்றது. நாள், மணி, தோன்றும் திசை, மறையும் திசை, உச்ச உயரம் ஆகியவை அப்பட்டியலில் இருக்கும். நான் முதலில் நோக்குவது உச்ச உயரத்தையே. அடிவானத்தை ஒட்டி 10 பாகையில் செல்லும்போது நிலையம் நம்மிடமிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும், மங்கலாகவே தெரியும், அதையும் தென்னந்தோப்பு மறைத்துவிடும். 40 பாகைக்கு மேல் எழும் நாளையே குறித்துக்கொள்வேன். விரல்களை மடக்கிக் கையை முழுதும் நீட்டினால், மடக்கிய கையின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து நான்கு கை அடுக்கிப் பார்த்தால் 40 பாகை. வேறு கருவி எதற்கு?

பட்டியல் புதியதாக இருத்தல் வேண்டும். அவ்வுயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது தடுப்பதால் நிலையம் சிறிது சிறிதாகத் தாழ்கின்றது. அவ்வப்போது பொறிகளை இயக்கி அதனை மேலே உயர்த்துகின்றனர். ஆகவே, சில வாரங்களுக்கு முன் எழுதிவைத்த நேரம் பொய்த்துவிடும். இவ்வாறு உயர்த்துவதும் என்றென்றும் நடைபெறாது. 2030ஆம் ஆண்டு வரை நிலையத்தை இயக்கி, அதன்பின் கடலில் விழச் செய்வதற்குத் திட்டம் வகுத்துள்ளனர்.

2025ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் சுபான்சு சுக்லா அந்நிலையத்துக்குள் சென்றார். அங்குச் சென்ற முதல் இந்தியர் அவரே. அவர் தங்கியிருந்த நாட்களில் எங்கள் தெருவினர் பலர் என்னிடம் நேரம் கேட்டு வந்தனர். ஒரு மாலை, எதிர்வீட்டு மூதாட்டியார் கைத்தடியுடன் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். "நம்ம பிள்ளை அதிலேயா இருக்கிறான்?" என்று கேட்டு, இமையாது நோக்கினார். நடுவானைத் தாண்டியதும் ஒளி மங்கி, சில நொடிகளில் அணைந்துவிட்டது. "ஐயோ, போய்விட்டதே!" என்றார். "போகவில்லை, அம்மா, அங்கே இப்போதுதான் பொழுது சாய்ந்தது," என்றேன்.

விடியற்காலையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. நிழலிலிருந்து வெளிவரும் நிலையம், வெற்று வானின் நடுவே ஒளி பெற்றுத் தோன்றும். தோன்றும் உயரம் 50 பாகை என்று பட்டியல் கூறும் நாளில் அடிவானத்தை நோக்கி நிற்பதில் பயனில்லை.