முதல் வீடு



பெருநாள் முடிந்து நாலு நாளாகிவிட்டது. வாழ்த்துச் சொல்லப் பிந்தியதற்கு மன்னிக்கவும். எழுத ஒரு விஷயம் இருந்தது, மனதில் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டிருந்தேன். நீளமான பதிவுதான். வீட்டில் பலகாரம் மிச்சம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஆட்களின் பெயர் எழுதவில்லை. மருதமுனைக்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நாங்கள் ஐந்து பேர். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. 2004ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதினோம். பரீட்சை முடிந்தால் ஐந்து பேரும் சைக்கிளில் பொத்துவில் வரை போவதென்று திட்டம் போட்டிருந்தோம். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. எங்கள் நாலு பேரின் வீடும் பிரதான வீதிக்குக் கிட்ட. அவனுடைய வீடு கரையோரம். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குக் கை வராது. எங்கள் ஊரில் அந்தக் கதை இல்லாத வீடு குறைவு.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சனமெல்லாம் பள்ளிக்கூடங்களில் முகாமில் இருந்தது. நிவாரணத்தில் வந்த சேட்டைப் போட்டுக்கொண்டு தொழப் போனோம். எனக்குக் கிடைத்தது இரண்டு ஆள் நுழையக்கூடிய சேட். தொழுது முடித்து நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை, அவனுடைய உம்மாவைப் பார்க்கப் போவோம் என்று வெளிக்கிட்டோம். எங்களுக்கு அவர் சின்ன வயதிலிருந்தே மாமி.

மாமியும் மகளும் ஒரு வகுப்பறையில் இருந்தார்கள். மாமி ஒன்றும் பேசவில்லை. பிளேன்ரீ ஊற்றினார், நிவாரண பிஸ்கட்டை உடைத்து வைத்தார். ஐந்து கப் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. எடுக்கவும் இல்லை. நாங்கள் குடித்து முடித்து எழும்பும்போது ஒரு சொல்தான் சொன்னார்: "அடுத்த பெருநாளைக்கும் வாங்க மனே."

அப்படித் தொடங்கியதுதான். தொழுகை முடிந்தால் முதல் வீடு மாமியுடைய வீடு. அதற்குப் பிறகுதான் எங்கள் சொந்த வீடு. எங்கள் உம்மாமார் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கலியாணம் முடித்து வந்த பெண்களுக்கு மட்டும் முதல் வருடம் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டி வந்தது.

கரையோரம் 65 மீற்றருக்குள் திரும்ப வீடு கட்ட முடியாது என்றதால், பிறகு மாமிக்கு மேற்கே ஒரு சின்ன வீடு கிடைத்தது. வகுப்பறை வீடானது. பிஸ்கட், இடியப்பமும் கோழி ஆணமும் வட்டிலப்பமும் ஆனது. ஐந்து கப், ஐந்து பீங்கான் ஆனது. அந்த எண்ணிக்கையை மாமி குறைக்கவே இல்லை. ஐந்தாவது பீங்கான் பக்கத்து வளவுப் பிள்ளைக்கோ, அந்த நேரம் கடப்படிக்கு வருகிற யாருக்கோ போகும்.

எங்களில் ஒருவனுடைய வாப்பா தறிக்காரர். கடல் அவர்களுடைய தறியையும் கொண்டுபோனது. பிறகு எப்படியோ ஒரு தறி போட்டார்கள். நூல் என்ன விலைக்கு ஏறினாலும் நோன்புப் பெருநாளைக்கு எங்கள் கூட்டத்துக்கு ஐந்து சாரன் ஒரே நிறத்தில் நெய்வான். ஐந்தாவதை மாமியிடம் கொடுப்பான். மாமி அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற ஆளில்லை. ஒரு வருடம் பள்ளி மோதினாருக்கு, ஒரு வருடம் மீன் கொண்டு வருகிறவருக்கு. "உடுக்கத்தானே நெய்யிற" என்பார்.

நாலு பேரும் எப்போதும் ஊரில் இருந்தோம் என்றில்லை. ஒருவன் ஆறு வருடம் கத்தாரில். இப்போது ஊரில் ஓட்டோ ஓடுகிறான். ஒருவன் பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்து கொஞ்ச காலம் தூரத்தில் இருந்தான். நான் கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்தபோது, பெருநாள் லீவுக்கு வந்தால் உம்மா என்னைப் பார்த்ததும் கேட்பது, "மாமிக்கு என்ன கொண்டு போறாய்?" 2022 ஹஜ்ஜுப் பெருநாள், கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போன மறுநாள். ஊரில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. நாலு பேரும் பழைய சைக்கிளில் போனோம். மாமி அன்று வெகுநேரம் சிரித்தார். "பொத்துவில் போறதுக்கா வெளிக்கிட்டிங்க?" என்றார். அவருக்கு அந்தத் திட்டம் தெரியும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

2005 ஜனவரியிலிருந்து இந்த நோன்புப் பெருநாள் வரை 42 பெருநாள். இருபது வருடத்துக்கு நாற்பதுதானே என்று கேட்பீர்கள். பிறை வருடம் பதினொரு நாள் குறைவு, அதனால் இரண்டு கூட வந்திருக்கிறது. கொரோனா நேரத்தில் இரண்டு பெருநாள் போனில் முடிந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் எங்களில் ஒருவராவது அந்த வாசலுக்குப் போயிருக்கிறோம்.

இப்போது இந்த வருடக் கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடமாக மாமிக்கு மறதி. முதலில் திறப்பை மறந்தார், பிறகு நேரத்தை, பிறகு ஆட்களை. நோன்பு இருபதுக்குப் பிறகு தங்கச்சி எனக்கு ஒரு கோல் எடுத்தாள்.

"காக்கா, ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்க எல்லாரும் போன பொறகு உம்மா கடப்படியில போய் இருந்துட்டா. இஷாவுக்குப் பொறகும் உள்ளுக்கு வரல்ல. புள்ளயள் போனாங்க, ஒருத்தன் இன்னும் வரல்ல எண்டு சொல்லிக்கொண்டே இரிக்கா. இந்தமுற நீங்க வராம உட்டா நல்லமோ எண்டு நினைக்கன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். இருபது வருடமாக நாங்கள் அவருக்கு ஒரு சந்தோஷத்தைக் கொண்டுபோகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு அவர் தனியே வாசலில் இருந்ததை எங்களில் ஒருவரும் அறியவில்லை. நாங்கள் வீட்டில் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

தராவீஹ் முடிந்து பள்ளிப் படியில் நாலு பேரும் இருந்து கதைத்தோம். ஓட்டோக்காரன் போகத்தான் வேண்டும் என்றான். பிரதேச செயலகக்காரன், "நமக்கு வருஷத்தில ரெண்டு காலை. தங்கச்சிக்கு ஒவ்வொரு ராவும். அவ சொல்றதத்தான் கேக்கணும்" என்றான். அதுவும் நியாயம்தான். தறிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. சாரன் ஐந்தும் நெய்து முடிந்திருந்தது. முடிவில்லாமல் எழும்பிப் போனோம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "மாமி கடப்படியில போய் இருந்தது நீங்க வந்ததாலயா, போனதாலயா?"

நான் முதலாம் தரம் படிப்பிக்கிற ஆள். வருடத்தின் முதல் கிழமை பார்க்கிற காட்சி இது. உம்மா சொல்லாமல் நழுவிப் போன பிள்ளை பகல் முழுக்க கேற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். "நான் போய்ட்டு வாறன், மணி அடிச்சா வருவன்" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையும் அழும்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் களிமண்ணில் கை வைத்துவிடும். தாய்மாருக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போயிருக்கிறது. நாங்கள் மாமியிடம் என்ன செய்தோம்? நாலு பேரும் ஒன்றாக வந்தோம், அடுத்த வீட்டு அவசரத்தில் நாலு பேரும் ஒன்றாக எழும்பினோம். ஒரு நிமிடத்தில் வீடு வெறுமையாகிவிடும். அந்த மனுசிக்கு ஒரு காலையில் அப்படித்தான் ஒரு தரம் நடந்திருக்கிறது.

தங்கச்சிக்கு நான் இதைச் சொன்னேன். "ஒரு தரம் பாப்பம். சரி வரல்லெண்டா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரமாட்டம்" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "வாங்க காக்கா" என்றாள்.

பெருநாள் காலை கடற்கரையில் தொழுகை. முடிந்ததும் ஒரே நிறச் சாரனோடு போனோம். தறிக்காரன் இந்த முறை தன் மகனையும் கூட்டி வந்தான், பன்னிரண்டு வயது. உள்ளே ஐந்து பீங்கான் கழுவித் துடைத்து வைத்திருந்தது. தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "சுபஹ் தொழுதாவா எண்டு கேட்டா தெரியா. பீங்கான் மட்டும் அவதான் எண்ணி வெச்சா."

ஐந்தாவது பீங்கானுக்கு முன்னால் அந்தப் பையன் இருந்தான். மாமி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு வைத்தார். பையன் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். வாப்பா அவனுடைய முழங்காலில் கையை வைத்தான். பையன் அந்தத் துண்டைச் சாப்பிட்டான். நாங்கள் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த நேரத்தில் திருத்தத் தோன்றவில்லை.

பிறகு, பேசிவைத்தபடி ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம். முதலில் பிரதேச செயலகக்காரன். "மாமி, நான் போய்ட்டு வாறன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருவன்." மாமி கடப்படி வரை வந்து அவனை அனுப்பினார். திரும்பிப் பார்த்தால் விறாந்தையில் இன்னும் ஆள் இருக்கிறது, உள்ளே வந்தார். அரை மணித்தியாலம் கழித்துத் தறிக்காரனும் மகனும். பிறகு நான். ஒவ்வொரு தரமும் வாசலுக்கு வந்தார், ஒவ்வொரு தரமும் உள்ளே திரும்பிப் போனார்.

கடைசியாக இருந்தது ஓட்டோக்காரன். பெருநாள் அன்று அவனுக்கு ஹயர் ஓய்வில்லாமல் வரும். போனை நிறுத்தி வைத்துவிட்டு, மாமி ளுஹர் தொழுது கண் அயரும்வரை இருந்தான். கத்தாரில் ஒட்டகப்பால் குடித்த கதையை மூன்று தரம் சொல்லியிருக்கிறான். மாமி மூன்று தரமும் புதிதாகக் கேட்டாராம்.

பின்னேரம் தங்கச்சியிடமிருந்து குரல்பதிவு வந்தது: "உம்மா அஸருக்கு எழும்பி ஒருக்காக் கடப்படியப் போய்ப் பாத்தா. பொறகு அவவாவே உள்ளுக்கு வந்துட்டா. இப்ப கதிரையில இருந்து சாரன மடிக்கா."

அவ்வளவுதான். வருத்தம் மாறிவிட்டது என்று சொல்லவில்லை, மாறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த முறை எங்களைத் தெரியுமோ என்னவோ. ஆனால் இருபது வருடம் போய்வந்தும் எனக்குத் தெரியாத ஒன்றை இந்தப் பெருநாள் காட்டித் தந்தது. ஒரு வீட்டுக்குப் போவதில் மட்டும் நம் கடமை முடிவதில்லை. எப்படி எழும்பி வருகிறோம் என்பதும் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முதல் வீடு இருக்கும். மூத்தம்மா ஒருவர், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள ஒரு வாப்பா, கூட்டாளி ஒருவனின் உம்மா. போங்கள். போனால் எல்லோரும் ஒன்றாக எழும்பி வராதீர்கள். ஒருவர் கொஞ்சம் பிந்தி வரட்டும்.

இந்த வருட ஐந்தாவது சாரன் யாருக்கு என்று மாமி இன்னும் சொல்லவில்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எங்கள் கூட்டாளிக்கும் அன்று போன எல்லோருக்கும் அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்கட்டும். மாமிக்காக துஆச் செய்யுங்கள்.

தகப்பலல்லாஹு மின்னா வமின்கும். பிந்திய பெருநாள் வாழ்த்துக்கள்.