மூன்று குழல்களும் ஒரு பெயரும்

துவக்கைத் தொடுவதில்லை என்று ஒரு காலத்தில் எனக்குள்ளேயே விரதம் பூண்டிருந்தேன். வன்னிக் கிராமமொன்றிற் பிறந்தவன் நான். பெரியப்பாவின் இடியன் துவக்கு காட்டுப்பன்றியிடமிருந்து நெற்கதிரைக் காத்ததைச் சிறுவயதிற் கண்டேன். பின்னர் வந்த துவக்குகள் மனிதரைத் தேடி அலைந்ததையும் கண்டேன். அந்த இரண்டாவது காட்சியிலிருந்து தப்பியே ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். அத்தகைய ஒருவன் வேட்டைத் துவக்கொன்றை விலைகொடுத்து வாங்கினான் என்றால் நண்பர்கள் நகைப்பது நியாயமே. அந்த நகைப்புக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

நான் வாழும் ஹெஸன் மாநிலத்து மலைச்சாரல்களில், 2018ஆம் ஆண்டு தொடங்கிய கொடும் வரட்சியும் அதைத் தொடர்ந்த பட்டைவண்டும் ஊசியிலைக் காடுகளைச் சாகடித்தன. மொட்டையான சரிவுகளில் மக்கள் பீச், ஓக் கன்றுகளை நட்டார்கள். தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்யும் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் அழைக்க, நானும் மண்வெட்டியோடு போனேன். மறு ஆண்டு சென்று பார்த்தபோது நுனி கடிபடாத கன்று அரிதாயிருந்தது. 'றே' என்று அவர்கள் அழைக்கும் சிறுமான் இளந்தளிரை விரும்பித் தின்னும். அதைக் கொல்லும் ஓநாயும் சிவிங்கிப்பூனையும் மனிதனால் துரத்தப்பட்டுப் பலகாலம் ஆயிற்று. "மரம் நட்டால் மட்டும் போதாது, தோழரே, ஓநாயின் வேலையையும் யாராவது செய்யவேண்டும்" என்றார் அவர். ஓராண்டு படித்து வேட்டைப் பரீட்சையிற் சித்தியெய்தினேன்.

அடுத்தது துவக்கு. அயற்கிராமத்து மூதாட்டி ஒருவர், இறந்துபோன தம் கணவரின் துவக்கை விற்க விரும்புவதாகத் தோழர் அறிந்து சொன்னார். அது மூன்று குழல்கள் கொண்டது. மேலே சன்னத் தோட்டாவுக்குரிய இரு குழல்கள் அருகருகே. அவற்றின் கீழே ரவைக்குரிய ஒரு குழல். ஜேர்மனியர் இதனை 'ட்றில்லிங்' என்பர். ஒரே வயிற்றில் ஒருங்கே பிறந்த மூவர் என்பது பொருள். முயலோ, நரியோ, மானோ, எது எதிர்ப்பட்டாலும் ஒரே துவக்கு போதும். பல துவக்குகளை வாங்க வசதியற்ற வனக்காவலருக்கும் கிராமத்து வேட்டைக்காரருக்கும் உகந்த கருவி.

தோழர் அதனைப் பரிசோதித்த விதம் கைதேர்ந்த வைத்தியருடையது. குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரலாற் சுண்டினார்; மணிபோல் ஒலித்தது. குழல்களை இணைக்கும் பற்றாசு விட்டிருந்தால் ஓசை அடைத்துப்போகும் என்றார். குழலுக்கும் அடித்தட்டுக்கும் இடையே கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்தார், அது அசையவில்லை. வலக்குழலின் உட்புறத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோற் சிறு துருக்குழிகள்.

"அது 1945இல் வந்த தழும்பு" என்றார் மூதாட்டி. ஆயுதம் வைத்திருந்தால் மரணதண்டனையும் கிடைக்கலாம் என்று வெற்றிபெற்ற நாடுகள் அறிவித்திருந்த காலம் அது. அவருடைய மாமனார் துவக்கைக் கொழுப்புப் பூசித் தார்ச்சீலையிற் சுற்றி வைக்கோற் கொட்டிலின் கீழே புதைத்து வைத்தாராம். அந்த மாமனார் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். துவக்கைப் புதிதாக வாங்கியவரும் அவரே. குழலின் அடியிற் பரிசோதனை முத்திரையோடு மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன: 4.28. மேலே செய்தவரின் பெயர்: ஸிம்ஸன், ஸூல்.

ஸூல், தூரிங்கியாக் காட்டுமலையின் நடுவே பல நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்துவரும் நகரம். ஸிம்ஸன் என்ற யூதக் குடும்பம் 1856இல் அங்கே தொடங்கிய ஆலை, பின்னர் சைக்கிளும் மோட்டார் வண்டியும் செய்யுமளவுக்கு வளர்ந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், அரசிடமிருந்து மிகை இலாபம் பெற்றனர் என்று அக்குடும்பத்தின் மீது குற்றஞ்சாட்டி, 1935இல் ஆலையைப் பறித்தார்கள். இதில் முன்னின்றவன் தூரிங்கியாவின் நாஸித் தலைவன் பிறிற்ஸ் ஸவுக்கல். குடும்பத்தினர் 1936இல் நாட்டைவிட்டுத் தப்பினர். ஆலை நாஸிக் கட்சியின் கையில் குஸ்ற்லோவ் நிறுவனமாயிற்று. போர்க்காலத்தில் புக்கன்வால்ட் வதைமுகாமின் கைதிகளை அந்நிறுவனம் வேலைவாங்கியது. 1942 முதல் இலட்சக்கணக்கான அந்நிய நாட்டு மக்களை ஜேர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துவந்த ஸவுக்கல், 1946இல் நூரெம்பேர்க்கில் தூக்கிலிடப்பட்டான்.

ஆயுத முதலாளி ஒருவருக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. இந்தப் பூட்டை அரத்தால் அராவி மயிரிழை பிசகாமற் பொருத்திய தொழிலாளியின் பெயர் இதில் எங்குமே இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் பறித்தவர்கள் அந்தத் தொழிலாளிக்காகப் பறிக்கவில்லை. 1938 நவம்பர் 11ஆந் திகதிய ஆணையொன்று யூதர் எவரும் எந்த ஆயுதமும் வைத்திருக்கலாகாது என்றது. துவக்கிலே தம் பெயரைப் பொறித்த குடும்பம், ஜேர்மனியில் இருந்திருந்தால் அதே துவக்கைக் கையில் எடுப்பது குற்றமாகியிருக்கும்.

"இந்தப் பெயருக்கு உரியவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் மாமனார் எப்போதாவது சொன்னதுண்டா?" என்று மூதாட்டியைக் கேட்டேன். அவர் சற்றுநேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. ஸூல் வேலை நல்ல வேலை என்பார், அவ்வளவுதான்."

ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர். ஆண்டுதோறும் இந்தத் துவக்கைத் துடைத்திருப்பார். அந்தப் பெயர் ஆண்டுதோறும் அவர் விரலில் தட்டுப்பட்டிருக்கும். துவக்கைப் புதைத்தவர் பின்னர் தோண்டி எடுத்தார். பேச்சைப் புதைத்தவர் அதைத் தோண்டவேயில்லை. அவரைப் பழிக்கும் தகுதி எனக்குண்டா என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊரிலும் எத்தனையோ பெயர்களை நாங்கள் பேசாமலே விட்டிருக்கிறோம்.

நானூறு யூரோ கொடுத்து வாங்கினேன். புதிதாகச் செய்விப்பதற்குப் பல ஆயிரம் வேண்டும். பாட்டன் துவக்கை இக்காலப் பேரர் விரும்புவதில்லை; ஆகவே பழையது மலிவு. இரண்டு வாரத்துக்குள் அதிகாரியிடம் பதிவுசெய்து, இரும்புப் பெட்டகத்திற் பூட்டினேன்.

பழைய கருவி தன் சட்டத்தைத் தானே விதிக்கிறது. சன்னக்குழல்களின் அறை 65 மில்லிமீற்றர். இன்று கடையில் விற்கும் தோட்டா பெரும்பாலும் 70. ஐந்து மில்லிமீற்றர்தானே என்று அலட்சியம் செய்தால் அழுத்தம் மிகுந்து குழலுக்கும் கைக்கும் கேடு. ஈரநிலங்களில் ஈயச் சன்னத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரியில் தடைசெய்தது. அதற்கு மாற்றான உருக்குச் சன்னத்தை இக்குழல் தாங்காது. எனவே குளக்கரை வாத்து எனக்கில்லை. ரவைக்குழலின் பழைய தோட்டாவுக்குக் காட்டுப்பன்றியைச் சுடச் சட்டம் கேட்கும் வலு இல்லை, சிறுமானுக்குப் போதும். எனக்கு வேண்டியதும் அதுவே.

மேலுள்ள தள்ளியை முன்னே தள்ளினால் குறிபார்க்கும் தகடு தானாக எழும். முன்விசை ரவைக்குழலுக்கு மாறும். அவ்விசையை முன்னோக்கி அழுத்திவிட்டால், பிறகு மூச்சுப் பட்டாலே வெடிக்கும் என்று தோன்றுமளவுக்கு இலகுவாகிவிடும். முதலில் மாதக்கணக்காக வெறும் கடதாசியையே சுட்டேன்.

புரட்டாதி மாதத்து மாலையொன்றில், நாங்கள் நட்ட கன்றுகளின் ஓரமாகக் கட்டிய பரணில் இருந்தேன். இளம் பிணையொன்று வெளியே வந்தது. அறுபது மீற்றர். தள்ளியைத் தள்ளினேன், தகடு எழுந்தது. கை நடுங்கியது; துவக்கைத் தாழ்த்தினேன். மான் ஓர் ஓக் கன்றின் நுனியைக் கடித்தது. மறுபடி உயர்த்தினேன். ஒரே வெடி. விழுந்த இடத்திலேயே அது அடங்கியது. மகிழ்ச்சி வரவில்லை, வரவேண்டும் என்றும் நான் எண்ணவில்லை. இறைச்சியில் ஒரு பங்கை மூதாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்நாட்டு உழவர் 1525இல் மெமிங்கனில் எழுதிய பன்னிரு கோரிக்கைகளுள் நான்காவது, பிரபுவின் மான் தங்கள் பயிரைத் தின்ன, தாங்கள் வாய்மூடி நிற்கவேண்டியிருக்கிறது என்ற முறையீடு. அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமை ஒழிய 1848இன் புரட்சி வேண்டியிருந்தது. அதன்பின்னும் உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. தனக்கென வேட்டைப்புலம் வேண்டுமென்றால் 75 ஹெக்டேயர் நிலம் ஒருசேர இருக்கவேண்டும். தொழிலாளியாகிய நான் இன்றும் விருந்தாளியாகவே பரணேறுகிறேன்.

எனவே, நகைக்கும் நண்பர்களே, துவக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி என்னிடம் இப்போது இல்லை. அது யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கலாகாது என்று தீர்ப்பவர் யார், அந்தத் தீர்ப்பு வரும்போது அயலவர் என்ன செய்தார், இவையே கேள்விகள். துவக்கைத் துடைக்கும்போது என் மகள் அருகில் வந்து அமர்வாள். அந்தப் பெயரை விரலால் தடவி, "இது யார், அப்பா?" என்று முதன்முறை கேட்டாள். எண்ணெய்ச் சீலையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.