கயிற்றின் மறுமுனை

கைப்பேசியிலிருந்து கம்ப்யூட்டருக்கு இணையம் கொடுப்பதை எல்லோரும் அறிவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'டெதரிங்' என்று பெயர். மாட்டைக் கயிற்றால் முளையில் கட்டுவதற்கு உள்ள அதே சொல்.

சென்ற வருஷம் ஒரு மலையூர் விடுதியில் எனக்கு நேர் எதிரான தேவை ஏற்பட்டது. சுவரிலிருந்து வந்த கம்பி கம்ப்யூட்டருக்கு மட்டும் படியளந்தது. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. அக்காவோ, கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்ததும் வாட்ஸ்அப்பில் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்றிருந்தாள்.

2017-இல் வந்த 'க்னிரெஹ்டெட்' என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. 'டெதரிங்'கின் ஆங்கில எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்தால் இந்தப் பெயர்! ஆண்ட்ராய்டில் 'யுஎஸ்பி டிபக்கிங்'கை அனுமதித்துக் கேபிளைச் செருகினேன். கைப்பேசி விபிஎன் வாசல் ஒன்றைத் திறந்து, தன் போக்குவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது.

"இளைச்சுட்டியேடா!" என்றாள் அக்கா.

கொடுக்கிறவன், வாங்குகிறவன் என்பதெல்லாம் நிரந்தர உத்தியோகமா, என்ன? நடுவே கயிறு ஒன்றிருந்தால் போதும் போலிருக்கிறது.