விடுமுறை விட்டால் எங்கே போவது?

உயர்தர ரிசல்ட் வந்த வாரத்தில் நம் தோட்டங்களில் பொன்னாடைக்குப் பஞ்சம் இருக்காது. கோயிலில் ஒன்று, வாசிகசாலையில் ஒன்று, சங்க ஆபீசில் ஒன்று என்று கம்பஸ் கிடைத்த பிள்ளையை நிறுத்தி நிறுத்திப் படம் எடுப்போம். சந்தியில் பேனர் தொங்கும். அதிபராக இருந்த காலத்திலும், பென்சன் எடுத்த பிறகும், நானும் அந்த மேடைகளில் மாலையோடு உட்கார்ந்தவன்தான். பிள்ளைக்கு அந்த மரியாதை வேண்டியதே. ஆனால் கம்பஸ் போய் நாலாவது மாதம் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, ஹொஸ்டல் மூடினால் எங்கே போய்ப் படுக்கிறது என்று மேடையில் இருந்தவர்களில் ஒருவரும் விசாரிப்பதில்லை. தாய் தகப்பன் இருக்கிற வீடென்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கையில் வளராத பிள்ளையை யார் பார்ப்பது?

மலையகத்தில் ஒரு பிள்ளை அப்படி ஆவதற்குத்தான் எத்தனை வழி. தாய் குவைத்துக்கோ ரியாத்துக்கோ வீட்டு வேலைக்குப் போவாள். ஒன்றிரண்டு வருடம் காசு வரும். பிறகு காசும் நிற்கும், கதையும் நிற்கும். தகப்பன் கொழும்பில் கடையில் நின்று அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகியிருப்பான். குடியில் போனவர்கள் இருக்கிறார்கள். மலை சரிந்து போனவர்களும் இருக்கிறார்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் இறங்கியபோது, பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் லயமே இல்லை. அன்று இரண்டாம் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது கம்பஸ் போகும் வயது.

இப்படியான பிள்ளைகளில் அதிகம் பேரை வளர்ப்பது அம்மாயியோ சித்தியோதான். மிச்சப் பேர் நுவரெலியாப் பக்கத்து எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமம் மாதிரியான இடங்களிலும், சபைகளும் ஆசிரமங்களும் நடத்தும் இல்லங்களிலும் வளர்கிறார்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கோப்பில் பெயர் இருப்பது இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான். அம்மாயியிடம் வளரும் பிள்ளைக்குக் கோப்பே கிடையாது. இதனால் வரும் தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

என் சின்ன வயதிலும் இந்த நிலைமை இருந்தது. 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சும்மா சொல்லவில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்தது. விடப்பட்ட பிள்ளைகள் பக்கத்துக் காம்பராவில் வளர்ந்தார்கள்; அந்த வீட்டார் இரண்டு பிள்ளைக்குச் சுட்ட ரொட்டியையும் தேங்காய்த் துண்டையும் மூன்று பிள்ளைக்குப் பிரித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கம்பஸ் கேள்வி எழவே இல்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தும் தோட்டத்துக்குள் அது ஏறி வரவில்லை. ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்பு, அதற்குப் பிறகு கொழுந்துக் கூடை. எழுபதுகளில் அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களை எடுத்த பிறகுதான் வழி திறந்தது. ஆகவே தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்பி, அங்கே நிலைநிறுத்துவது எப்படி என்பது நம் சனத்துக்குப் புதிய வேலை. பாட்டன் முப்பாட்டனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

முதல் சிக்கல் வயதுக் கணக்கில் இருக்கிறது. சிறுவர் என்ற கணக்கு பதினெட்டோடு முடிகிறது. இல்லம் விடுகிற வயதும் அதுதான். நம் நாட்டில் உயர்தரம் எழுதுவதோ பதினெட்டு, பத்தொன்பதில். ரிசல்ட் வர மாதக் கணக்கு, வெட்டுப்புள்ளி வர இன்னும் மாதக் கணக்கு, கம்பஸ் கூப்பிட அதற்கும் மேலே. 2022ஆம் வருடத்து உயர்தரத்தை 2023 ஜனவரியில்தான் எழுத வைத்தார்கள். ரிசல்ட் அந்த செப்டம்பரில் வந்தது. தாய் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அது ஓய்வு, இல்லாவிட்டால் கொம்பியூட்டர் கிளாஸ். இல்லத்தை விட்டு இறங்கிய பிள்ளைக்கு, கம்பஸ் கூப்பிடும்வரையான அந்த ஒன்றரை வருடம் பெரிய பள்ளம். கொழும்பில் புடவைக் கடைக்கோ கார்மென்ட்சுக்கோ போகும். கையில் சம்பளம் வந்து, தங்க ஒரு போர்டிங்கும் கிடைத்துவிட்டால், கம்பஸ் கடிதம் வரும்போது பிள்ளை திரும்பி வராது. சில பிள்ளைக்குக் கடிதமே போய்ச் சேராது. லயத்துக்கு என்று தனி விலாசம் இல்லாமல் எல்லாருடைய தபாலும் தோட்டத்து ஆபீசில் குவிந்து கிடந்த காலத்தில் நேர்முகத் தேதி கடந்த பிறகு கடிதத்தைக் கண்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வெட்டுப்புள்ளி கிடைத்தும் கம்பசை விட்டுவிட்டுப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே தங்க இடமும் சாப்பாடும் உண்டு, முடிந்தால் வேலை நிச்சயம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் பள்ளிக்கூடங்களைத் தாங்குவதே பத்தனையில் படித்து வந்த வாத்திமார்தான். ஆனால் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை, தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதற்காக மட்டும் ஆரம்பக் கல்வி வாத்தியாராகிறது என்றால் அது சொந்த விருப்பம் அல்ல.

சரி, கம்பஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவதற்கு நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்குக் கொஞ்சம் கைகொடுக்க ஒழுங்கு உண்டு. பல பாடநெறிகளின் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அவற்றில் நம் மாவட்டமும் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. உள்ளே போன பிறகு மகாபொல உதவித்தொகை உண்டு; அது லலித் அத்துலத்முதலி காலத்தில், 1981இல் தொடங்கியது. அது கிடைக்காதவர்களுக்குப் பேர்சரி. மாதம் 5,000 ரூபாயாகக் கிடந்த மகாபொலவை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். அப்போது நாளுக்கு 250 ரூபாய். மூன்று வேளை, போட்டோகொப்பி, பஸ், சவர்க்காரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. அதுவும் முதல் வருடத்தில் மாதக் கணக்கில் இழுத்துத்தான் கைக்கு வரும். வீட்டில் ஆள் இருந்தால் கடன் வாங்கி அனுப்புவார்கள். அம்மாயி எங்கே போவாள்? ஐம்பது வயதில் எடுத்த ஈ.பி.எப். காசைப் பேத்தியின் படிப்புக்கே கரைத்து முடித்த பாட்டிமாரை நான் பார்த்திருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதியம் என்று கொழும்பில் சொல்வார்கள். அது நம் தோட்டத்தில் கம்பஸ் நிதியமாகவும் இருந்திருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை.

கோப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கோப்பு இல்லாத பிள்ளை உதவிக்கு விண்ணப்பிக்கப் போனால், படிவத்தில் தகப்பன் பெயர், தொழில், வருமானம், கையெழுத்து என்று வரிசையாகக் கேட்டிருக்கும். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழை வைத்துவிடலாம். உயிரோடு இருந்து, எங்கே இருக்கிறான் என்று தெரியாவிட்டால் எதை வைப்பது? உதவி கொடுக்க முன்வந்த ஒரு இடத்தில், "தாய் வெளிநாட்டில்தானே, அப்படியென்றால் வருமானம் இருக்கும்" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தாயிடமிருந்து கடைசியாகக் குரல் வந்தபோது அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒரு சத்தியக் கடதாசி, பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். இந்த அலைச்சலுக்குப் பெரிய ஆள் ஒருத்தர் கூடவே போக வேண்டும். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவரால் இது ஆகாது. தமிழ்நாட்டில் 2025இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றவர் இருவரும் இறந்த பிள்ளையோடு, ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன பிள்ளையையும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறார்கள். நம் பக்கத்திலும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அதே வருட வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இரண்டும் நல்ல காரியம். அந்த உதவியில் வளர்ந்த பிள்ளை கம்பஸ் வாசலை மிதித்த பிறகு நிலைமை என்ன என்பதுதான் என் கவலை.

ஒரு பிள்ளைக்கு நான் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டேன். ஹொஸ்டலுக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலோடு ஹட்டன் டவுனில் கடை கடையாக ஏறினோம். மெத்தை விரிப்பு, வாளி, கொட்டன் துவாய் இரண்டு, ஸ்வெட்டர் வேண்டாம், போகிற இடம் வந்தாறுமூலை, வேர்த்துக் கொட்டும். கடைசியாக அலுமாரிக்கு ஒரு பூட்டு. கடைக்காரர் இரண்டு சாவியையும் கையில் கொடுத்தார். பிள்ளை ஒன்றை நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மற்றதைப் பார்த்துக்கொண்டே நின்றது. "சேர், ரெண்டாவது சாவிய வீட்டுல குடுத்து வைக்கணும்னு சொல்றாங்க. நான் யாருகிட்ட குடுக்கிறது?"

எங்கள் வீட்டு மேசை லாச்சியில் அது கொஞ்ச காலம் கிடந்தது. ஒரு நாளும் தேவைப்படவில்லை.

செமஸ்டர் முடிந்து விடுமுறை விட்டபோதுதான் போன் வந்தது. "ஹொஸ்டல் மூடுறாங்க சேர்." அவ்வளவுதான் சொன்னது. கூடப் படிக்கிற பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். இந்தப் பிள்ளை வார்டனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிறது. தீபாவளி, பொங்கல், சித்திரை என்று வருடத்துக்கு எத்தனை முறை இது நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அரச பராமரிப்பில் வளர்ந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு விடுமுறையில் தங்க இடம் தேவைப்பட்டால், அந்தப் பிள்ளையைப் பராமரித்த உள்ளூராட்சி சபை இடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான காசைக் கொடுக்க வேண்டும். உயர்கல்விக்கு 2,000 பவுண், 25 வயது வரை கேட்டால் பக்கத்தில் நிற்க ஒரு ஆலோசகர். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் அரச பல்கலைக்கழகத்தில் 1998இல் கார்டியன் ஸ்கொலர்ஸ் என்று தொடங்கினார்கள். வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கக் கம்பசிலேயே இடம், படிப்பு விசயத்தில் கேட்டுச் சொல்ல ஒரு ஆள். பிறகு வேறு பல்கலைக்கழகங்களும் அதைப் பார்த்துச் செய்தன. பணக்கார நாடு, செய்யலாம் என்று தள்ளிவிட வேண்டாம். மூடிய ஹொஸ்டலில் ஒரு மாடியைத் திறந்து வைக்க டொலர் தேவையில்லை. பேராதனையோ, வந்தாறுமூலையோ, ஒலுவிலோ, யாழ்ப்பாணமோ, ஒரு வார்டனும் ஒரு வாட்ச்சரும் இருந்தால் போதும்.

அது வரும்வரை நாம் என்ன செய்வது? பென்சன்காரர்கள் சிலர் சேர்ந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். சங்கமோ பதிவோ கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு வீடு. அந்த வீடு நாலு வருடமும் மாறாது. காசு யார் வேண்டுமானாலும் போடலாம், கனடாவில் இருக்கிற பழைய மாணவர் போடட்டும், கொழும்பில் கடை வைத்திருப்பவர் போடட்டும். ஆனால் போன் எடுக்கிறவர் ஒருவர்தான். ஆரம்பத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று பேர் பொறுப்பு எடுத்தார்கள், மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். போன் எடுத்தவுடன் மார்க்ஸ் கேட்கக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். சாப்பாட்டைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு ராகிங், அதற்குப் பிறகு மிச்சம். இன்னொன்று, காசோலையோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் "தாய் தந்தையற்ற மாணவி" என்று போடுகிறவரிடம் காசே வாங்குவதில்லை. அந்தப் படத்தை அவளுடைய பெட்ச் முழுக்கப் பார்க்கும்.

இவற்றையெல்லாம் வீட்டளவில் செய்துவிடலாம். வீட்டளவில் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்குத் தொழிற்சங்கங்கள்தான் வாய் திறக்க வேண்டும். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து வேலைக்குப் பேர் போட வீட்டில் ஆள் இருக்கிறவரை அதை யாரும் கேட்பதில்லை. அம்மாயி வேலையிலிருந்து நின்று, பேத்தி கம்பசில் இருந்தால், செக்ரோலில் அந்த வீட்டுப் பெயரே இராது. அப்போது காம்பராவைக் கேட்பார்கள், வேறு குடும்பத்துக்கு வேண்டும் என்பார்கள். அது போனால் பிள்ளைக்கு விடுமுறைக்கு வர மட்டுமில்லை, வாக்காளர் இடாப்பில் பெயர் பதியவும் விலாசம் இல்லை. சம்பளத்துக்காக ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தை நடக்கிறது. 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு எத்தனை நாள் ரோட்டில் நின்றோம். அடுத்த முறை கம்பனிக்காரரோடு உட்காரும்போது தலைவர்மார் இந்த ஒரு வரியையும் மேசையில் வைக்கட்டும்: படிக்கிற பிள்ளை இருக்கிற காம்பராவை அந்தப் பிள்ளை பட்டம் எடுத்து ஒரு வருடம் போகும்வரை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது.