ஓவாஹு தீவில் – 5: இலையைத் தின்னாத நத்தை

வையனாயே மலைத்தொடரில், பலிகேயா உச்சிக்கு ஏறி வந்ததும் பூட்ஸை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார் உடன் வந்த பணியாளர். ஒட்டியிருக்கும் மண்ணோடு, இங்கே காக்கப்படும் மரநத்தைகளின் எதிரியின் முட்டை உள்ளே போய்விடக் கூடாதாம்.

எதிரியும் ஒரு நத்தைதான். இதன் கதை மனதை வலிக்கச் செய்கிறது. நம் ஊர்த் தோட்டங்களையும் பாடாய்ப் படுத்தும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, 1936-இல் ஹவாய்க்கு வந்தது. அதை ஒழிக்கவென்று 1955-இல் ஃபுளோரிடாவிலிருந்து ஓநாய் நத்தையை இறக்கினார்கள். அதுவோ மரநத்தைகளின் சளித்தடத்தை மோப்பம் பிடித்து மரமேறியது. எலிகள் ஒருபக்கம், இது ஒருபக்கம்.

மரநத்தைகளைக் காக்கக் காட்டுக்குள் ஆளுயரச் சுவர். எலி ஏறாதபடி மேல் விளிம்பை வளைத்திருக்கிறார்கள். ஓநாய் நத்தையைத் தடுக்க மின்கம்பியும் உண்டு.

உள்ளே ஓர் ஓஹியா மரத்தில் இலையொன்றை மெல்லத் திருப்பிக் காட்டினார். அக்கடினெல்லா மஸ்டெலினா என்ற மரநத்தை! இரண்டு சென்டிமீட்டர் ஓடு. பழுப்பில் வெளிர் வரிகள், மெருகேற்றியது போன்ற பளபளப்பு. பகலில் ஓட்டின் வாயை இலையோடு ஒட்டிக்கொண்டு உறங்குகிறது. பக்கத்திலேயே மிளகளவில் ஒரு குட்டி.

குட்டி என்றுதான் சொல்ல வேண்டும், இவை முட்டையிடுவதில்லை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் ஈனும், வருடத்துக்குச் சிலவே. அது பருவமடைய ஐந்தாண்டு போல ஆகும். இரவில் இலைமேல் படரும் பூஞ்சையைச் சுரண்டித் தின்னும், இலையைத் தொடாது. பல நத்தைகளுக்கு ஆயுள் முழுதும் ஒரே மரம்தான். துரத்த யாருமில்லாத தீவில் இந்த நிதானம் போதுமானதாக இருந்தது.

அக்கடினெல்லா என்னும் இந்தப் பேரினத்தில் 41 இனங்கள் இருந்தன. 1981-இல் அமெரிக்க அரசு பேரினம் முழுவதையும் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. அதற்குள் பல போய்விட்டிருந்தன. 1787-இல் கப்பல் கேப்டன் டிக்சனுக்குக் கிடைத்த மாலையொன்றில் அபெக்ஸ்ஃபுல்வா இனத்தின் ஓடு இருந்தது. மேலை அறிவியல் பதிவுசெய்த முதல் ஹவாய் நில நத்தை அதுதான். அதன் கடைசி உயிர், ‘ஜார்ஜ்’, 2019 ஜனவரி 1 அன்று ஆய்வுக்கூடத்தில் துணையின்றி இறந்தது.

“இந்தக் குட்டி பெரிதாகும்வரை சுவரில் ஓட்டை விழக் கூடாது. ஒரு கிளை முறிந்து சாய்ந்தால் போதும், அதுவே பாலமாகிவிடும்” என்றார் அவர். சொல்லிக்கொண்டே அரிவாளை எடுத்துச் சுவரோரக் கொப்புகளைக் கழிக்கத் தொடங்கினார். வெட்டியதை நான் இழுத்துப் போட்டேன்.

(தொடரும்)