நாலு மணி ரொட்டி

திருத்தணிக்குப் பணிமாற்றம் பெற்று வந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்னும், இந்த ஊரில் நல்ல ரொட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கும் தேவை எழுந்ததில்லை. மலைக்கோயிலுக்கு ஏறும் 365 படிகளைப் பற்றிக் கேட்டால் சொல்லியிருப்பேன். 1960 ஏப்ரல் முதல் நாளில் இவ்வூர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வரலாற்றை வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ரொட்டியைப் பற்றி மட்டும் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

நம்மில் பெரும்பாலோர் நிலை இதுதான் என்று எண்ணுகிறேன். நமக்கு ரொட்டி என்பது காய்ச்சல்காரரின் உணவு. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சோறு நின்று பாலும் ரொட்டியும் வரும். மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் சாத்துக்குடியோடு ஒரு ரொட்டிப் பொட்டலமும் இருக்கும். உடம்பு தேறியதும் முதல் வேலையாக ரொட்டியை விலக்கிவிட்டு ரசம் சோற்றுக்குத் திரும்புவோம். சிறு வயதில் எனக்கு டைபாய்டு கண்டு, மூன்று வாரம் ரொட்டியும் பாலுமாகக் கழிந்தது. அதன் பிறகு அந்த வாடையே எனக்கு ஆகாமல் போயிற்று.

2017-ஆம் ஆண்டு என் தாயார் தூத்துக்குடியிலிருந்து எங்களோடு தங்க வந்தார். வயது எண்பத்தொன்று. இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்த நேரம். காயம் ஆறியது, பசிதான் திரும்பவில்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இட்டலியில் ஒரு விள்ளல், கஞ்சியில் இரண்டு கரண்டி, அதோடு சரி. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அது குறைந்திருந்தது. மருத்துவர் மருந்தைக் கூட்டவில்லை. எதையாவது விரும்பிச் சாப்பிடச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். அதுதான் எங்களுக்குக் கைவரவில்லை.

ஒரு நாள் மாலை, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரெனக் கேட்டார்: "ராசா, இந்த ஊர்ல பாண் கிடைக்காதா?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா பிறந்தது கொழும்பில், 1936-இல். தாத்தா தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போய், கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, ஒரு கடையில் கணக்கெழுதியவர். முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்நாளில் கொழும்பு அடுத்த தெரு போன்றது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின், அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மாவு வந்தது. அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. அவர் பாண் தின்று வளர்ந்தது அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில்தான். வேறு வழியின்றித் தின்ற உணவு ஒருவர் நெஞ்சில் இவ்வளவு இனிமையாகத் தங்கும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பாண் என்பது போர்த்துக்கீசியச் சொல். 1505-இல் இலங்கைக் கரையைத் தொட்ட அவர்கள் விட்டுச் சென்றது. மும்பையில் அது பாவ் ஆயிற்று. நாம் அன்றாடம் புழங்கும் ஜன்னலும் அலமாரியும் சாவியும் அதே மொழியிலிருந்து வந்தவையே. அந்தப் பொருள்களையெல்லாம் பெயரோடு ஏற்றுக்கொண்ட தமிழகம், ரொட்டியின் பெயரை மட்டும் இலங்கைக்கு விட்டுவிட்டது. இங்கே நாம் ரொட்டி என்கிறோம். கடைக்காரர் பிரெட் என்கிறார். தெற்கே பெரியவர்கள் சிலர் பிஸ்கோத்தையே ரொட்டி என்பர்.

மறுநாள் ஒரு பொட்டல ரொட்டி வாங்கி வந்தேன். அம்மா அதை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு மெல்லத் தட்டில் திருப்பி வைத்தார். "இது பாண் இல்ல ராசா. இது பஞ்சு."

அதன்பின் தேடல் தொடங்கியது. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இருந்தவை அனைத்தும் வெளியூரிலிருந்து வண்டியில் வருபவை. முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ சுட்டவை. தெலுங்கு பேசும் ஒரு மூதாட்டியின் கடையில் ரொட்டி உண்டா என்று கேட்டதற்கு, அவர் கல்லில் தட்டிச் சுட்ட கம்பு ரொட்டியை எடுத்து நீட்டினார். எல்லையோர ஊரில் சொற்களுக்கு இப்படி இரண்டு வீடு உண்டு. (அந்தக் கம்பு ரொட்டி நன்றாகவே இருந்தது, அது வேறு கதை.) அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய் வாங்கி வந்ததையும் அம்மா பாதி மரியாதைக்காகத் தின்றார்.

கிடைத்தது தற்செயலாகத்தான். தறிக்கூடங்கள் இருக்கும் ஒரு தெரு வழியே பிற்பகலில் நடந்துகொண்டிருந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மணம் வந்தது. வெந்த மாவும், சற்றே புளிப்பும், தீய்ந்த சர்க்கரையும் கலந்த மணம். சிறு வயதில் நான் வெறுத்த அந்த வாடைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மணம் வந்த வழியே போனால், தகரக் கூரையின் கீழ் ஒரு செங்கல் அடுப்பு. அதன் முன் நீண்ட மரத்துடுப்போடு லுங்கி கட்டிய ஒருவர். தலைச்சேரிப் பக்கத்தவர். அடுப்பை அவர் 'போர்மா' என்றார். தலைச்சேரி, பேக்கரித் தொழிலில் பெயர் பெற்ற ஊர். மம்பள்ளி பாப்பு என்பவர் 1883-இல் அங்குதான் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்பர். தமிழகத்தின் சிற்றூர் பேக்கரிகளில் பல, மலையாளிகள் நடத்துபவை. மற்றொரு பக்கம், பெங்களூரிலிருந்து பரவிய ஐயங்கார் பேக்கரிகள். நம் வீடுகளில் இடம் பெறாத ஒரு தொழிலை இப்படி அயலார் வந்து நமக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் ரொட்டிகள் வெளியே வந்திருந்தன. மணி நான்கு. ஒன்று கொடுங்கள் என்றேன்.

"இப்போ தர மாட்டேன் சார். ஒரு மணி நேரம் ஆறட்டும்."

எனக்குக் கோபமே வந்தது. வீட்டில் ஒரு கிழவி பசியின்றி இளைத்துக்கொண்டிருக்கிறாள்; இவரோ கண்ணெதிரே இருக்கும் ரொட்டியைத் தர மறுக்கிறார். சூடாகத் தின்பதுதானே சிறப்பு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி முழுவதும் வெந்திருந்தாலும், உள்ளே ஆவி அடங்கியிருக்காது. அப்போதே அறுத்தால் ஆவி வெளியேறி, உட்பகுதி கத்தியில் ஒட்டிக்கொண்டு களியாகிவிடும். ஆற ஆறத்தான் அது நின்று கெட்டிப்படும். பிறகு ஒரு ரொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினார். வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. அப்படி ஒலித்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது கொஞ்சமன்று. கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள புரதம் ரப்பர்போல் இழுபடும் ஒரு வலையாகிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று விடும் வாயு அந்த வலையில் சிக்கி, மாவு உப்புகிறது. அரிசியில் அத்தகைய வலை இல்லை. ஆகையால்தான் நம் ஆப்பமும் இட்டலியும் புளித்துப் பொங்கினாலும் ரொட்டியாவதில்லை. சித்திரை வெயிலில் மாவு விரைவாகப் பொங்கிவிடும். குளிர்ந்த நீர் விட்டு, ஈஸ்ட்டைக் குறைத்துப் போட வேண்டும். மார்கழியில் மெல்லப் பொங்கும். சுவை அப்போதுதான் கூடும். அடுப்பில் சவுக்கு விறகை எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை இழுத்துவிட்டு, கல் பிடித்துவைத்த அனலில் வேகவிடுகிறார். ஆடிக் கிருத்திகை நாட்களில் ரொட்டியை நிறுத்திவிட்டு பன் மட்டும் போடுவாராம். நடந்து வரும் காவடிக்காரர்களுக்குக் கையில் பிடித்துத் தின்ன பன்தான் வசதி.

பொட்டல ரொட்டியைப் பற்றியும் கேட்டேன். அதை அவர் இகழவில்லை. நெடுந்தூரம் போய்ப் பல நாள் இருக்க வேண்டியது அது. பூஞ்சை பிடிக்காதிருக்க அதற்கென்று மருந்து சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றார். உண்மைதான். 1965-இல் நடுவண் அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தின் ரொட்டி இல்லாவிட்டால், என் தலைமுறையில் பலர் ரொட்டியைக் கண்டிருக்கவே மாட்டோம். அந்நிறுவனத்தை 2000-இல் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். மாவு நன்கு உப்புவதற்குச் சில தொழிற்சாலைகள் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-இல் அரசு தடை செய்தது, சோதனைகளில் அதன் எச்சம் ரொட்டியில் இருப்பது வெளிப்பட்ட பின்னரே. தம் ரொட்டி மறுநாள் மாலைக்குள் காய்ந்துவிடும், அதுவே அது நல்ல ரொட்டி என்பதற்கு அடையாளம் என்றார் அவர். ஒரு பொருள் விரைவில் கெட்டுப்போவதை அதன் நற்பண்பாகச் சொல்லி விற்ற வணிகரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அதில் இன்னும் விரைவாக விறைத்துப்போகும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஐந்து மணிக்கு இளஞ்சூட்டோடு தாளில் சுற்றித் தந்தார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா ரொட்டியைக் கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். பிறகு கத்தி கேட்டார். அறுப்பதற்கு முன், ரொட்டியின் அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் மெல்லச் சிலுவை கீறினார். நான் அதுவரை கண்டிராத செயல். கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டில் இருந்த பறங்கிப் பெண்மணி அப்படித்தான் செய்வார், அதைப் பார்த்துத் தம் தாயும் செய்யத் தொடங்கினார் என்றார். முனைத்துண்டை, அந்தத் தடித்த பொறுக்குப் பகுதியை, தமக்கென்று எடுத்துக்கொண்டார். பல் இல்லாத வாயில் அதை நெடுநேரம் ஊறவைத்து மென்றார். என் மனைவி அவசரமாகத் தேங்காய்ச் சம்பல் இடித்து வந்தாள். மூன்று துண்டுகள் உள்ளே போயின. "கொழும்புப் பாண் இன்னும் கொஞ்சம் உப்பா இருக்கும்" என்று ஒரு குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்ததுபோல் எந்தப் பாராட்டுக்கும் மகிழ்ந்திருக்க மாட்டோம். அடுத்த நாள் பேக்கரியில் உப்பு ரொட்டி கேட்டு வாங்கினேன்.

அன்று முதல் மாலை ஐந்து மணி என்பது எங்கள் வீட்டில் ஒரு வேளை ஆயிற்று. எடை ஏறியது என்று சொல்லமாட்டேன்; இறங்குவது நின்றது.

மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குத்தந்தை அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவருவார். ஒருமுறை அவர் வந்தபோது மேசைமேல் அந்த நாளின் ரொட்டி இருந்தது. வழிபாடு முடிந்து காப்பி அருந்துகையில் பேச்சு அதன்மேல் திரும்பியது. திருப்பலிக்கு உரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், கெட்டுப்போகும் அச்சமின்றி அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் சட்டம் வகுத்திருப்பதைச் சொன்னார். புதிய ரொட்டி வேண்டும் என்று சட்டமே இருப்பது எனக்கு வியப்பளித்தது. நான் என் பழைய ஐயத்தைச் சொன்னேன். புதுநன்மை வாங்கும் வயதில், அப்பம் என்று நற்செய்தியில் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் தோன்றியது அம்மா சுடும் இனிப்பு அப்பந்தான். பீடத்தில் தந்ததோ காகிதம்போல் மெல்லிய வெண்மையான வட்டம். இரண்டுக்கும் உள்ள உறவு விளங்காமல் உபதேசியாரிடம் கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்போது ஓரளவு விளங்குகிறது. சோறு பானையிலிருந்து அவரவர் இலைக்கு வந்துவிடும். யாரும் அதைப் பிட்டுத் தர வேண்டியதில்லை. ரொட்டி முழுதாக ஒருவர் கைக்கு வருகிறது. அவர் அதை உடைத்தால்தான் மற்றவருக்குப் பங்கு. எம்மாவு ஊரில் சீடர் இருவரும் வழியெல்லாம் பேசியும் ஆண்டவரை அறிந்துகொள்ளவில்லை. அவர் அப்பத்தை எடுத்துப் பிட்டபோதே கண் திறந்தது என்பதை ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் கேட்டிருக்கிறேன். உடைக்கும் கையை அவர்கள் ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்க வேண்டும். அம்மா ரொட்டியைப் பங்கிடும் விதத்தையும் இருட்டில்கூட நான் அடையாளம் கண்டுகொள்வேன். பெரிய துண்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு, அடுத்தது பேரனுக்கு, முனைத்துண்டு தமக்கு.

2018 நவம்பரில் அம்மா காலமானார். கடைசி நான்கு நாட்கள் தண்ணீர் மட்டுமே இறங்கியது. அதற்கு முந்தின நாள் மாலை வரை சம்பல் இல்லாமல், பாலில் நனைத்து, ஒரு சிறு துண்டு.

கொரோனா ஆண்டில் பேக்கரி ஐந்து மாதம் மூடிக் கிடந்தது. மீண்டும் திறந்தபோது விறகடுப்பின் இடத்தில் டீசல் அடுப்பு இருந்தது. விறகு விலை கட்டவில்லை என்றார் சேட்டன். ரொட்டியின் பொறுக்கு முன்போல் இல்லை என்று நான் குறைபட்டேன், அவர் மறுக்கவில்லை. நானும் வாங்குவதை நிறுத்தவில்லை. உப்பு ரொட்டிதான். கத்தியை எடுக்கும்போது என் மனைவி அடிப்பக்கத்தைத் திருப்பிச் சிலுவை கீறுகிறாள். முனைத்துண்டு யாருக்கு என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இது மார்கழி. காலையில் மலைமேல் பனி மூடியிருந்தது. கடைப் பக்கம் போனபோது, குளிரில் மாவு இன்னும் எழும்பவில்லை, ஐந்தரைக்கு வாருங்கள் என்றார் சேட்டன். இதை எழுதும்போது மணி ஐந்தே கால்.